எட்டுப் பட்டன் நேரம்

செவ்வாய்க்கிழமை காலையில் டிரைவர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். வியாழக்கிழமை அறிக்கை கைமாறியிருக்கும். வெள்ளிக்கிழமை வக்கீல் பெயர் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். ஆனால் அந்த மனிதருக்கு எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் நின்று படித்தே ஆக வேண்டும். மருந்துச் சீட்டைக்கூட விடமாட்டார்.

ஆணையத்தின் படிக்கட்டுச் சுவரில் அறிக்கையின் பொருளடக்கத்தை அன்றுதான் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு கையிலும் கோப்புக் கட்டுகளோடு ஏறிக்கொண்டிருந்த டிரைவர் நின்றார். ஒவ்வொரு தலைப்பாக உதட்டை அசைத்துப் படித்தார். ஏழாவது அத்தியாயத்துக்கு வந்ததும் பக்கென்று சிரித்துவிட்டார்.

“அட, எட்டுப் பட்டன் நேரம்! இது நம்ம தையல்காரம்மா பேச்சாச்சே!”

அவருக்கு இரண்டு படி கீழே வந்துகொண்டிருந்த வக்கீல் அப்படியே நின்றாள்.

“எந்தத் தையல்காரம்மா அண்ணா?”

“போன வருஷம் நோட்டீஸ் குடுக்க என்னை அனுப்பினீங்களே, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வரிசையா லாரி ஷெட்டு இருக்குமே, அந்த ஊரு. சட்டைல மூணு பட்டன் தொங்குதுன்னு டீக்கடைக்கு எதிர்க்கடைல குடுத்தேன். ‘மூணு பட்டன் நேரம் உக்காருங்க’ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. டீக்கடைக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவங்க பேச்சே அப்படித்தானாம். தண்ணி கொதிக்கப் பத்துப் பட்டன், பஸ் வர முப்பது பட்டன். இப்ப ஊரே அப்படித்தான் மேடம் பேசுது. டீ கேட்டா ‘அரைப் பட்டன் பொறுங்க’ங்கிறான்.”

சொல்லி முடித்து, கூடச் சிரிப்பாள் என்று திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. பதினைந்து வருஷமாக அதிகாரிகளை ஏற்றி இறக்குகிறவருக்கு முகம் படிக்கவும் தெரியும்.

“அப்போ… ஏழாவது அத்தியாயம்… அந்தம்மாவா மேடம்?”

“கட்டைக் கொண்டுபோய் மேல வைங்க அண்ணா,” என்றாள். மேலே ஏறாமல் அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

அவள் வேலை என்னவென்று தெரிந்தால்தான் அந்த அவசரம் புரியும். பழைய ஆட்சியில் ஆட்கள் காணாமல் போனார்கள். ஆட்சி மாறியதும், என்ன நடந்தது என்று கேட்டு எழுத ஒரு ஆணையம் போட்டார்கள். நிலைமாறுகால நீதி என்று காகிதத்தில் அதற்குப் பெயர். “நிலை மாறிடுச்சு, காலமும் மாறிடுச்சு, மூணாவது ஐட்டம் எப்ப வரும்?” என்று கேட்பார், கணக்கு வாத்தியாரான அவள் கணவர். ஐயாயிரம் பேர் வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் “என் பேரு வெளிய வரக்கூடாது” என்று சொல்லிவிட்டுத்தான் வாயையே திறந்தார்கள். அவர்களை மூடுவது அவள் பொறுப்பு. பெயர், ஊர், தொழில், தேதி, எத்தனை பிள்ளைகள், எந்தக் கால் ஊனம், வாசலில் என்ன மரம் என்று எதெல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்குமோ அத்தனையின் மேலும் கறுப்பு மை. ஆபீஸில் அவளுக்கு ‘மை டப்பா’ என்று பட்டப்பெயர். பதினோரு வருஷத்தில் அவள் மூடிய ஒரு ஆளையும் எவரும் கண்டுபிடித்ததில்லை. அந்தப் பெருமையை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நடையிலேயே தெரியும்.

அதற்கு முன்னால் ஆறு வருஷம் சாலை விபத்து வழக்கு. லாரி எத்தனை அடி தள்ளி வந்தது, பிரேக் போட்டு எத்தனை நொடியில் நின்றது, ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிஷம். சீனியர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்த ‘எத்தனை’தான். அழுதுகொண்டிருப்பவரிடமும் கேட்க வேண்டும். அலுத்துப்போய்த்தான் ஆணையத்துக்கு வந்தாள். இங்கே ஜனங்கள் வேறு மாதிரி பேசினார்கள். அவர்கள் பேசியதை அப்படியே எழுதினாள். பேரை மூடினாலும் பேச்சை மூடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். வினை அங்கேதான் வந்தது.

தையல்காரம்மாவின் வாக்குமூலத்தை எடுத்தவளும் அவளே. சொந்த ஊரில் வேண்டாம் என்று, இரண்டு ஊர் தள்ளி, விடுமுறைக்குப் பூட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மேசையில் ஆசிட் கறை. மூன்று மணி நேரம்.

“கேப்டன் வந்தார். சட்டையைக் கழட்டினார். மேசை மேல இருந்த என் கத்திரிக்கோலை எடுத்து, நல்லா இருந்த பட்டன் எட்டையும் அவரே வெட்டிப் போட்டார். முன்னாடி ஆறு, பாக்கெட்டுக்கு ரெண்டு. ‘தைங்க, அவசரமில்ல’ன்னார். பின்பக்கம் வண்டி வந்து நிக்குது. என் வீட்டுக்காரர் குரல் கேக்குது. எந்திரிக்கப் பாத்தேன். ‘பட்டன்’னார். தைச்சேன். எட்டாவது பட்டனுக்கு முடிச்சுப் போட்டு நூலைக் கடிக்கிறேன், வண்டி போயிடுச்சு. எட்டுப் பட்டன் நேரம். அவ்வளவுதாம்மா.”

பழைய ஆட்சியின் ராணுவக்காரரான அந்தக் கேப்டனுக்கு அது ஒரு வழக்கம். முன்கடையில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொள்வார். செருப்பைத் தைக்கக் கொடுப்பார். போட்டோ பிடித்துக்கொள்வார். கடைக்காரர் கையில் வேலை இருக்கும்போது, பின்பக்கமாக அவருடைய ஆட்கள் அண்ணனையோ புருஷனையோ மகனையோ தூக்கிக்கொண்டு போவார்கள். ஊர் ஊராக இருபத்து மூன்று கடை. ஏழாவது அத்தியாயம் முழுக்க அதுதான். கேப்டனின் பெயர் அறிக்கையில் இல்லை. முத்திரை வைத்த உறையில் தனியாக நீதிமன்றத்துக்குப் போகிறது. தையல்கடையை அவள் ‘ஒரு சிறு கடை’ ஆக்கினாள். சட்டையை நீக்கினாள், கத்திரிக்கோலை நீக்கினாள். ‘எட்டுப் பட்டன் நேரம்’ என்ற மூன்று சொல்லில் மட்டும் கை வைக்க மனம் வரவில்லை. ஆணையத்தின் தலைவரும் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தியாயத்துக்கே அதைத் தலைப்பாக வைத்துவிட்டார். ஒரே வாரத்தில் ஆபீஸ் பூராவும் தொற்றிக்கொண்டது. “ரெண்டு பட்டன் நேரத்துல வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் கேன்டீனுக்குப் போவாள்.

அந்த அறையில், அந்த நிமிஷத்தில், அந்த அம்மாவின் வாயில் பிறந்த சொல் அது என்று வக்கீல் நினைத்திருந்தாள். பத்தொன்பது வருஷமாக அவர் அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார் என்றோ, ஊர் அதை வேடிக்கையாக வாங்கிப் புழங்கிக்கொண்டிருக்கும் என்றோ தோன்றவே இல்லை. வாக்குமூலம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் வரும் மடத்தனம் இது. எதிரே இருப்பவர் எல்லாவற்றையும் தன்னிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறார் என்ற நினைப்பு.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவள் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“டிரைவர் சிரிச்சதுக்காகவா?”

“அவர் சிரிச்சா ஊரே சிரிக்கும் ஐயா. அந்த ஊர்ல யார் பாத்தாலும் ஒரே நிமிஷத்துல ஆளைச் சொல்லிடுவாங்க.”

“மூவாயிரம் பிரதி அச்சாயிடுச்சு. நாளைக்குக் காலைல பைண்டிங்.”

“ரெண்டு பாரம்தான் மாத்தணும்.” அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு பாரம். “அச்சகத்துக்காரர்கிட்ட பேசிட்டேன். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்ட காகிதம் வந்தா மாத்தி அடிச்சுடறேங்கிறார்.”

“யார் கேட்டு மாத்துறது? விதி என்ன சொல்லுது?”

விதியை எழுதியதே அவள். வாக்குமூலம் கொடுத்தவருக்கே அது சொந்தம். புத்தகம் கட்டி முடியும்வரை எந்தச் சொல்லையும் அவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர் மட்டும்தான் வாங்கலாம். மேலிடத்துக்குப் பயந்து ஆபீஸில் யாராவது வரிகளை உருவிவிடக் கூடாதே என்று, ஆணையம் ஆரம்பித்த முதல் மாதத்தில் ராஜ்ஜியம் ஆள்வதுபோல உட்கார்ந்து எழுதியது.

“அந்தம்மா கேக்கல,” என்றார் தலைவர். “கேக்காதவரைக்கும் நாம தொடக் கூடாது. கேட்டாங்கன்னா மாத்திடலாம், ஆனா எப்படி நடந்துச்சு, யார் தப்புன்னு கையெழுத்தோட ஒரு கடிதம் கோப்புல இருக்கணும். அதுவும் நீ எழுதின விதிதான்.” குரலைத் தணித்தார். “வெள்ளிக்கிழமை உன் பேரை அனுப்புறேன்மா. அரசு வக்கீல். கேப்டனை நீதான் குறுக்கு விசாரணை பண்ணப் போற. பதினோரு வருஷம் இதுக்குத்தானே? சாட்சியை மூடத் தெரியலன்னு நீயே எழுதிக் குடுத்த கடிதத்தோட போய் நின்னா, எதிர்த்தரப்பு வக்கீல் உன்னைச் சும்மா விடுவானா? அதுக்கு முன்னாடி நானே எப்படி அனுப்புவேன்?”

“அப்ப அந்தம்மா?”

“நானூறு பக்கம். எவன் படிக்கப் போறான்?”

“தலைப்பு மூணு சொல்லு ஐயா. டிரைவர் அதைத்தான் படிச்சார்.”

பேனா மூடி கழன்று மேசைக்கு அடியில் உருண்டது. அதைக் குனிந்து எடுக்கிற சாக்கில் அவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. “போயிட்டு வா,” என்றார் அடியிலிருந்தே. “பதமா கேளு. பயமுறுத்திடாதே.”

மூன்று மணி நேரப் பயணம். அவள் ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். கைப்பையைத் திறந்து திருத்தப் படிவம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் பார்த்தாள். டிரைவர் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தார்.

“என் வாயைத்தான் மேடம் தைக்கணும்.”

“தைக்கிற ஆள்கிட்டதான் போறோம். கேட்டுப் பாருங்க.”

கணவர் போனில் கூப்பிட்டார்.

“சாப்பாட்டு டப்பாவை வச்சுட்டுப் போயிட்ட. நானே தின்னுடவா?”

“தின்னுங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க.”

“எவ்வளவு பெரிசு?”

“மூணு சொல்லு.”

“மூணா? நான் ‘சரி’ன்னு ஒரு சொல்லுதான் சொன்னேன், பதினாலு வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கேன்.” அவள் சிரிக்கவில்லை என்றதும் குரல் மாறியது. “என்னடா ஆச்சு?”

சொன்னாள். மறுபக்கம் வகுப்பறைச் சத்தம். யாரையோ அதட்டிவிட்டு வந்தார்.

“கேப்டனை நீ கேள்வி கேக்குறதைப் பாக்கணும்னு ஆசையா இருந்தேன்,” என்றார். போயேன், போகாதே, எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது. சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொண்டு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஊருக்குப் பிரியும் முக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி இருபது அடி நடந்தாள், திரும்பி வந்தாள். போகாமலே இருந்தால் என்ன? அந்த அம்மாவுக்குத் தெரியாது. கேட்காதவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது. ஒரு வருஷத்தில் கேப்டன் கூண்டில் நிற்பார், எதிரே அவள் நிற்பாள். இருபத்து மூன்று கடைக்கும் சேர்த்துக் கேட்கலாம். மூன்று சொல்லுக்காக அதை விட்டுக்கொடுப்பது நியாயமா? டிரைவர் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார்.

“திருப்பவா மேடம்?”

“ஏன் எல்லாரும் என்னையே கேக்குறீங்க?” என்று எரிந்து விழுந்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். “போங்க. நீங்க டீக்கடைல இருங்க. வாயே திறக்கக் கூடாது.”

“டீ குடிக்க மட்டும்.”

“அதுக்கும்.”

கடை ஆறடி அகலம். இரண்டு மெஷின், ஒன்று துணி போட்டு மூடியிருந்தது. ஆணிகளில் அட்டை வெட்டுகள். அலமாரியில் கண்ணாடிப் புட்டிகள், புட்டிக்கு ஒரு நிறமாகப் பட்டன். தையல்காரம்மா கழுத்தில் டேப்போடு ஒரு கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் சுற்றியிருந்தது. வக்கீலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் எதிர் டீக்கடைக்குக் கேட்கும்படியாக, “அளவு எடுக்கணுமா? உள்ள வாங்க,” என்றார்.

உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து வக்கீல் எல்லாவற்றையும் சொன்னாள். படிக்கட்டு, டிரைவர், தலைப்பு, வியாழக்கிழமை. பதமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கொட்டிவிட்டாள்.

தையல்காரம்மா கையிலிருந்த துணியை இறக்கவே இல்லை.

“நீங்க மூடுறேன்னுதானே சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“மூணு மணி நேரம் பேசினதை எல்லாம் மூடிட்டு, இதை மட்டும் எடுத்துத் தலைப்புல போட்டீங்களா? அதுக்குத் தெருவுல மைக் கட்டிச் சொல்லியிருக்கலாமே.”

“கேட்டப்ப… அழகா இருந்துச்சும்மா.”

சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அழகா.” தையல்காரம்மா மடிப்பில் இருந்த நூலை ஒரே இழுப்பாக உருவினார். “இருக்கும். உங்களுக்கு.”

“கேப்டனுக்குப் பயப்படுறீங்கன்னா, பாதுகாப்புக்கு…”

“அவருக்குப் பயந்ததெல்லாம் என்னைக்கோ முடிஞ்சுபோச்சு. என் பயம் வேற.”

அது என்ன என்று கேட்பதற்குள் வாசலில் லாரி ஹார்ன் இரண்டு தடவை அடித்தது. தையல்காரம்மா அவசரமாக டேப்பை எடுத்து வக்கீலின் தோளில் வைத்தார். விரல் ஜில்லென்று இருந்தது.

உள்ளே வந்த இளைஞனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். நீலச் சட்டை, பாக்கெட்டின் மேல் சின்னதாக லாரிப் படம் தைத்த கம்பெனிச் சட்டை.

“அம்மா, பாக்கெட் பட்டன் போச்சு. ஓனர் பாத்தா கத்துவார். சீக்கிரம்.” வக்கீலைப் பார்த்துச் சிரித்தான். “எத்தனை பட்டன் ஆகும்னு சொன்னாங்கக்கா? எங்கம்மா அஞ்சு பட்டன்னு சொன்னா நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்கி எந்திரிச்சு வரலாம்.”

“சட்டையைக் கழட்டுடா. வாயை மூடு.”

“பாத்தீங்களா, வாடிக்கைக்காரங்க முன்னாடியே மரியாதை இல்ல.” கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு மேசையில் சாய்ந்தான். நீலப் புட்டியை எடுத்துக் குலுக்கினான். “ஓனர் கறாருக்கா, ஆனா நல்லவர். பழைய ராணுவக்காரர். சட்டை கசங்கியிருந்தா ஸ்டியரிங் தொட விடமாட்டார். அம்மா, உன்கிட்ட சொல்லவே இல்லையே. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, ‘உங்கம்மா இன்னும் தைக்கிறாங்களா’ன்னு கேட்டார். ‘நல்ல கை’ன்னார்.”

துணிக்குள் போன ஊசி மறுபக்கம் வரவில்லை.

வக்கீலுக்கு ஓனர் யார் என்று புரிந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு கேப்டன் லாரி கம்பெனி வைத்திருக்கிறார் என்று கோப்பில் இருந்தது. எந்த ஊரில், எத்தனை வண்டி என்பதுகூட இருந்தது. யார் ஓட்டுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

“அப்படியா,” என்றார் தையல்காரம்மா. ஊசி வெளியே வந்தது.

“அடுத்த மாசம் நிரந்தரம் பண்றேன்னிருக்கார். எங்கப்பா மாதிரி சொல்லாம கொள்ளாம ஓடுற ஆள் நான் இல்லைன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு.” மிகச் சாதாரணமாகச் சொன்னான், மழை வரும்போலிருக்கு என்பதுபோல.

தையல்காரம்மா பட்டனுக்கு அடியில் நூலை நான்கு சுற்றுச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். குனிந்து நூலைக் கடித்தார். “இந்தா. மெதுவா ஓட்டு.”

“ஒரு பட்டன் நேரம்தான்! இன்னைக்கு அதிசயமா கணக்கு சரியா வந்துடுச்சு,” என்று சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினான். லாரி கிளம்பிப் போகும் அதிர்வில் புட்டிகள் கிணுகிணுத்தன.

“இப்பத் தெரியுதா?” என்றார் தையல்காரம்மா.

“அங்க ஏம்மா வேலைக்கு விட்டீங்க?”

“வேண்டாம்னேன். ஏன்னு கேட்டான். ஏன்னு சொன்னா அவன் அடுத்த நிமிஷம் எங்க போவான்னு எனக்குத் தெரியும். கேப்டனுக்கு ஒண்ணும் ஆகாது. இவன்தான் உள்ள போவான், இல்ல அவங்கப்பா போன இடத்துக்குப் போவான். அவனுக்கு அப்ப மூணு வயசு. அப்பா ஓடிட்டார்னு ஊர்ல யாரோ சொன்னாங்க, நானும் ஆமான்னுட்டேன். ஓடிப்போன அப்பனைத் திட்டிக்கிட்டாவது உயிரோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “சொல்லாமலே இருக்கப் போறதில்ல. உங்க வழக்கு வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுவேன். லாரிச் சாவியை வாங்கி வச்சுட்டு, கதவைச் சாத்திட்டு, உக்கார வச்சுச் சொல்லுவேன். என் வாயால. டீக்கடைல எவனாவது பேப்பரை வச்சுக்கிட்டு, ‘டேய், இது உங்கம்மா பேச்சுதானே’ன்னு கேட்டு அவனுக்குத் தெரியக் கூடாது. எடுத்துடுங்க. என் பேச்சு, எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க.”

வக்கீல் படிவத்தை எடுத்தாள். வெட்டு மேசையில் துணித்துண்டுகளை ஒதுக்கிவிட்டு எழுதினாள். ‘நீக்கப்படும் சொற்கள்’ என்ற கட்டத்தை நிரப்பினாள். ‘அவற்றுக்குப் பதிலாக’ என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“அந்த இடத்துல என்ன போடுவீங்க?” என்று கேட்டார் தையல்காரம்மா, எட்டிப் பார்த்தபடி.

“சுமார் அரை மணி நேரம்னு…”

“அரை மணியா? யார் சொன்னா?”

“நானா… ஒரு கணக்குல…”

“பதினேழு நிமிஷம்.”

வக்கீல் நிமிர்ந்தாள்.

“அதுக்கப்புறம் எனக்குக் கடிகாரத்துல நேரம் ஓடுறதே தெரியல. பட்டன்ல எண்ணினாத்தான் தெரியுது. அதான் அப்படிப் பேச்சு வந்துடுச்சு. ஊருக்கு அது வேடிக்கை. ஆனா வருஷத்துல ஒரு நாள், அந்த நாள்ல, கடையைச் சாத்திட்டு எட்டுப் பட்டன் தைச்சுப் பாப்பேன். கடிகாரத்தை எதிர்ல வச்சுக்கிட்டு. நிதானமா தைச்சா பதினோரு நிமிஷம். அன்னைக்குக் கை நடுங்கி ரெண்டு தடவை ஊசில நூல் கோக்க முடியல, ஒரு பட்டன் கீழ விழுந்து தேடினேன். அதையும் சேத்துப் பாத்தேன். எப்பப் பாத்தாலும் பதினேழு. நீங்க கேக்கவே இல்லையே.”

கேட்கவில்லை. சாலை விபத்தில் லாரி நின்ற தூரத்தை அங்குலக் கணக்கில் கேட்டவள், மூன்று மணி நேரத்தில் ஒரு ‘எத்தனை’ கேட்கவில்லை. அந்த நேரத்துக்குள் வண்டி எங்கே போயிருக்கும், அடுத்த கடைக்கு எத்தனை மணிக்குப் போயிருக்கும், கேப்டன் முகாமில் இருந்ததாகச் சொல்லும் நேரத்துக்கு இது பொருந்துமா என்று எல்லாமே அந்த ஒரு எண்ணிலிருந்து கேட்டிருக்கலாம். யாராவது கேட்பார்கள். வேறு யாராவது.

கட்டத்தில் ‘பதினேழு நிமிடம்’ என்று எழுதினாள். படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டினாள். தையல்காரம்மா கையெழுத்துப் போட்டார். பிறகு வக்கீல் இன்னொரு காகிதத்தை எடுத்துத் தன் கடிதத்தை எழுதினாள். நான்கு வரிதான். சாட்சியின் அன்றாடப் பேச்சை விசாரிக்காமல் விட்டது என் பிழை. அந்தச் சொற்களை நீக்காமல் விட்டது என் முடிவு. கீழே முழுப்பெயரும் பதவியும். பதவியை எழுதும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டு மேலே சேர்த்தாள்.

மூன்றேகால் மணிக்குத் தலைவரைப் போனில் கூப்பிட்டு இரண்டையும் படித்துக் காட்டினாள்.

“கடிதத்தை நாளைக்குக்கூடக் குடுக்கலாம்மா. யோசிச்சுட்டு.”

“படிவம் மட்டும் வந்தா அச்சகம் மாத்தாது ஐயா. ரெண்டும் சேந்தாத்தான். விதி.”

“வெள்ளிக்கிழமை பட்டியல்ல…”

“தெரியும் ஐயா.”

“தெரிஞ்சா சரி,” என்றார். கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை. “அச்சகத்துக்கு நான் சொல்லிடறேன். தலைப்பு என்ன?”

“பதினேழு நிமிடம்.”

“நல்லா இல்லையே,” என்றார் தலைவர்.

“நல்லா இருக்க வேண்டாம் ஐயா.”

போனை வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். தையல்காரம்மா அந்தக் கால்சட்டையை மறுபடி கையில் எடுத்திருந்தார். மன்னித்துவிட்டேன் என்பது போலவும் இல்லை, இல்லை என்பது போலவும் இல்லை. வேலை கிடந்தது, செய்தார்.

“உங்க ஆபீஸ்ல இதைச் சொல்லிச் சிரிக்கிறாங்களா?” என்று கேட்டார், தலையைத் தூக்காமல்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “சொல்றாங்கம்மா. நானும் சொல்லியிருக்கேன்.”

“ஊரை நான் ஒண்ணும் பண்ண முடியாது. அதுங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

“நிறுத்திடறோம்.”

“போயிட்டு வாங்க. வெளிய யாராவது கேட்டா, துணி சரியில்லைன்னு சொல்லிட்டுப் போங்க.”

எதிர் டீக்கடையில் டிரைவர் ஒரு காலி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாருடனும் பேசாமல், வாய்ப்பாடு மறந்த பையன் போல உட்கார்ந்திருந்தார். கடைக்காரர், “இன்னொரு டீ, ரெண்டு பட்டன் நேரத்துல,” என்று சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு வந்து வண்டிக் கதவைத் திறந்தார்.

ஊர் தாண்டும் இடத்தில் கம்பெனி ஷெட். வாசலில் நீலச் சட்டைக்காரர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் அவனும் இருந்தான். வண்டியைப் பார்த்துவிட்டு, துணி குடுக்க வந்த அக்கா என்று கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். அப்புறம் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி ஏறியது.

வியாழக்கிழமை காலையில் மேடையில் யார் எங்கே நிற்பார்கள், படிக்கட்டுச் சுவரில் இருப்பதை முதலில் கிழிக்க வேண்டும், டைப்பிஸ்ட்டிடம் என்ன சொல்வது, வீட்டுக்குப் போய் எதை முதலில் சொல்வது என்று தலைக்குள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. காகிதங்கள் கையில் போய்ச் சேராமல் அச்சகம் எந்திரத்தை ஓட்டாது. கைப்பையைத் திறந்தாள். படிவம் இருந்தது. கடிதமும் இருந்தது. மூடினாள்.

“அச்சகம் பாதி வழியிலதானே, நேரா அங்கேயே போயிடலாம் அண்ணா. எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு…” என்று ஆரம்பித்து, டிரைவர் வாயை மூடிக்கொண்டார். கியரை மாற்றினார். சாலையைப் பார்த்தார்.

“மிதிச்சா ஒண்ணேகால் மணி நேரத்துல பைபாஸைப் பிடிச்சுடலாம் மேடம். அங்கேயிருந்து அச்சகத்துக்குப் பதினஞ்சு நிமிஷம்.”

“அஞ்சு மணி தாண்டிடுமா?”

“ரெண்டு நிமிஷம் முன்னாடி,” என்றார். மிதித்தார்.